"வந்துட்டேன்" என்றால் வந்தாச்சா? இங்கிலீஷ் டென்ஸ் பழகும் வழி

என் முதல் இன்டர்வியூவில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். "மை ஃபாதர் வில் கோ டு தி ஃபீல்ட் எவ்ரி மார்னிங்" என்று தெம்பாகச் சொன்னேன். எதிரே இருந்தவர் சிரிக்காமல், எந்தத் தேதியிலிருந்து போகப்போகிறார் என்று கேட்டார். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று ஊர் திரும்பும் வரை விளங்கவில்லை. கும்பகோணத்தில் மன்னார்குடி பஸ் ஏறி, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல மாட்டிக்கொண்டு நின்ற நேரத்தில்தான் உறைத்தது. "அப்பா விடிஞ்சா வயலுக்குப் போவார்" என்பதை அப்படியே தூக்கி இங்கிலீஷில் வைத்திருக்கிறேன்.

தமிழில் "போவார்" என்பது எதிர்காலம் மட்டும் இல்லை, பழக்கமும் அதுதான். மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறப்பார்கள் என்று நம் பக்கம் சொன்னால், வருஷா வருஷம் அதுதான் வழக்கம் என்றும் ஆகும், இந்த வருஷம் திறக்கப்போகிறார்கள் என்றும் ஆகும். கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். இங்கிலீஷ் அந்த வேலையைக் கேட்பவரிடம் விடாது. வழக்கம் என்றால் "தே ஓப்பன் தி டேம் ஆன் ஜூன் 12". இனிமேல்தான் என்றால் "தே வில் ஓப்பன்". அதனால் வில் போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இது எப்போதும் நடப்பதா, இனிமேல் நடக்கப்போவதா? எப்போதும் என்றால் வில் கிடையாது, "மை ஃபாதர் கோஸ்". அவர், அவள், அது என்று வந்தால் கடைசியில் ஒரு ஸ் ஒட்ட வேண்டும். நாம் அதிகம் விடுவது இந்த ஸ்தான்.

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு டென்ஸையும் கட்டம் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஃப்யூச்சர் பர்ஃபெக்ட் கன்டினியூஸ் என்று ஒன்று அதில் உண்டு, அதை நான் இன்றுவரை வாய் திறந்து சொன்னது கிடையாது. ஆரம்பத்தில் ஐந்தாறு போதும், மீதி பின்னால் தானாக வரும். என் யோசனை, டென்ஸின் பெயரை விட்டுவிட்டு தமிழ் வினையின் வாலைப் பிடியுங்கள். ஆனால் முழுசாக நம்பாதீர்கள், அந்த வால் சில இடத்தில் நன்றாகக் காட்டிக்கொடுக்கும், சில இடத்தில் கவிழ்த்துவிடும்.

கவிழ்ப்பதற்கு நல்ல உதாரணம் "இதோ வந்துட்டேன்". வீட்டில் சட்டை பட்டன் போட்டுக்கொண்டே போனில் சொல்வோமே, அதேதான். வடிவம் இறந்தகாலம், ஆள் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. இங்கிலீஷில் அங்கே "ஐ ஆம் கமிங்" மட்டும்தான். "ஐ ஹேவ் கம்" என்று சொன்னால் போனில் கேட்பவர் உங்களைத் தன் வாசலில் தேடுவார்.

காட்டிக்கொடுக்கும் இடம் "ஆச்சு". சாப்பிட்டாச்சா என்று கேட்கிறோமே, அதுதான் "ஹேவ் யூ ஈட்டன்?". எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்பது அங்கே பேச்சே இல்லை, இப்போது வயிறு நிறைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிரசன்ட் பர்ஃபெக்ட் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் எங்கும் பார்க்கவில்லை. நடந்தது முன்னால், அதன் விளைவு இப்போது. "அணையைத் திறந்தாச்சு" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால் தேதி யாருக்கும் வேண்டாம், நாற்றங்காலைத் தயார் செய் என்பதுதான் செய்தி: "தே ஹேவ் ஓப்பன்ட் தி டேம்". ஆனால் தேதி, நேற்று, போன வருஷம் என்று முடிந்துபோன காலம் ஒன்று வாக்கியத்தில் வந்த நொடியே ஹேவ் ஓடிவிட வேண்டும். 2022ல் மே 24க்கே திறந்தார்கள், 2024ல் ஜூலை 28 வரை ஆனது. இரண்டுக்கும் "தே ஓப்பன்ட்" மட்டும்தான். "ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே" நம்மில் பாதிப் பேர் சொல்லும் தப்பு, நானும் வருஷக்கணக்கில் சொன்னேன்.

கொண்டிருக்கிறேன், பேச்சில் கிட்டு இருக்கேன், இது பெரும்பாலும் வினையின் கடைசியில் வரும் இங் (ing) தான். "நட்டுக்கிட்டு இருக்காங்க" என்றால் "தே ஆர் பிளான்டிங்". இதில் இரண்டு பள்ளம் இருக்கிறது.

ஒன்று, "மூணு வருஷமா இங்கே வேலை பார்த்துக்கிட்டு இருக்கேன்". "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று வாயில் வரும், அது தப்பு. முன்பு தொடங்கி இன்னும் ஓடுகிறது என்றால் "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்". எவ்வளவு காலம் என்று நீளம் சொன்னால் ஃபார், தொடங்கிய இடத்தைச் சொன்னால் சின்ஸ், அதாவது "சின்ஸ் 2021".

இரண்டாவது, "ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்". இதற்குச் சோதனை தமிழிலேயே கிடக்கிறது, அதே சொல்லில் கொண்டிருக்கிறது ஒட்டிப் பாருங்கள். "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று யாராவது சொல்வோமா? தெரியும், பிடிக்கும், வேண்டும், அவ்வளவுதான். அங்கே இங்கிலீஷிலும் இங் வேண்டாம்: "ஐ நோ", "ஐ லைக்", "ஐ வான்ட்". அண்ணன் தம்பி இருக்கிறார்கள் என்பதற்கு "ஐ ஹேவ்". இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தாராளமாக "ஐ ஆம் ஹேவிங் டிபன்" சொல்லலாம், அது செயல்.

கதை சொல்லும்போது இரண்டு இறந்தகாலம் மோதும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். "வி வேர் ஸ்லீப்பிங் வென் தி சைக்ளோன் ஹிட்" என்றால் தூக்கம் நீண்டு கிடக்கிறது, புயல் நடுவில் வந்து விழுகிறது. இரண்டும் முடிந்தவை, ஒன்று மற்றதற்கு முன்பே முடிந்துவிட்டது என்றால் முந்தியதற்கு ஹேட். வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக்காரர்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை: "வென் தி வாட்டர் ரீச்ட் அஸ், தி சீட்லிங்ஸ் ஹேட் ட்ரைட் அப்". தண்ணீர் வந்தபோது நாற்று ஏற்கெனவே காய்ந்துவிட்டிருந்தது. ஹேடை எடுத்துவிட்டால் தண்ணீர் வந்த பிறகுதான் காய்ந்தது போல ஆகிவிடும்.

டிட் வந்தால் அடுத்த வினை மாறாத மூல உருவத்துக்குத் திரும்ப வேண்டும். "டிட் யூ கோ", "டிட் யூ வென்ட்" இல்லை. டிட்டே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது.

இனி வருவதற்கு நாலு வழி இருக்கிறது, குழம்ப வேண்டாம். அந்த நிமிஷம் முடிவெடுத்தால் வில்: "ஐ வில் கால் யூ". முன்பே நினைத்து வைத்ததும், கண் முன்னே அறிகுறி தெரிவதும் கோயிங் டு: கிழக்கே மேகம் கறுத்தால் "இட் இஸ் கோயிங் டு ரெயின்". ஆளோடு பேசி முடித்த ஏற்பாட்டுக்கு இங், டிராக்டர்காரரிடம் பேசியாச்சு என்றால் "ஹி இஸ் கமிங் டுமாரோ". டைம்டேபிளுக்கு வெறும் பிரசன்ட்: "தி உழவன் எக்ஸ்பிரஸ் லீவ்ஸ் அட் நைட்". இஃப், வென் பக்கத்தில் மட்டும் வில் வைக்காதீர்கள். "வென் தி வாட்டர் கம்ஸ், வி வில் பிளான்ட்". தமிழிலும் "தண்ணி வந்தா நடுவோம்" தானே, "வந்தா" இடத்தில் "வரும்" என்றா வைக்கிறோம்?

பழகுவதற்கு நான் செய்தது இதுதான். கோ வென்ட் கான் மாதிரி உருவம் மாறும் வினைகளை ஒரு நாளைக்கு நாலு, சத்தமாக. ராத்திரி அன்று வீட்டில் நடந்ததில் மூன்று வாக்கியம் நோட்டில், பாடப்புத்தக ராமன் மாம்பழம் தின்றதை அல்ல. முதல் மாதம் தப்புத்தப்பாகத்தான் வரும், திருத்த ஆள் இல்லாவிட்டாலும் எழுதுங்கள், பத்து நாள் கழித்துப் படித்தால் பாதித் தப்பு உங்களுக்கே தெரியும். இன்றைக்கு இதில் ஆரம்பிக்கலாம், கீழே இருப்பதைப் பார்க்காமல் சொல்லுங்கள்: நேற்று மடையைத் திறந்தார்கள், இன்னும் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை, அப்பா காலையிலிருந்து வரப்பிலேயே நின்றுகொண்டிருக்கிறார்.

"தே ஓப்பன்ட் தி ஸ்லூஸ் யெஸ்டர்டே. தி வாட்டர் ஹேஸ் நாட் ரீச்ட் அவர் ஃபீல்ட் யெட். மை ஃபாதர் ஹேஸ் பீன் ஸ்டாண்டிங் தேர் சின்ஸ் மார்னிங்."