பழைய லப்டொப்பில படம் கீறுறவைக்கு: ரம், எஸ்எஸ்டி, கிரிட்டா, பிறகு தமிழ் எழுத்து

நான் கோயில் நோட்டீஸ், கலியாணக் காட், சின்னப்பிள்ளையளின்ர கதைப் புத்தகத்துக்குப் படம் எண்டு வீட்டில இருந்து கீறிக் குடுக்கிறனான். என்ர லப்டொப் இன்டெல் ஐ5, அஞ்சாம் தலைமுறை, வாங்கேக்க 4 ஜிபி ரம் (வேலை நடக்கேக்க மட்டும் ஃபைலை வைச்சிருக்கிற இடம்), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2022 இல டொலர் 200 ரூபாவில இருந்து 360 மட்டும் ஏறினாப் பிறகு புது லப்டொப் எண்ட கதையையே விட்டிட்டன், உள்ளதைத் திருத்தித்தான் இண்டைக்கும் ஓட்டுறன். அதை எப்பிடிச் செய்தனான் எண்டு ஒழுங்காச் சொல்லுறன், ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிஞ்சாக் காணும்.

1. முதல்ல எது திணறுது எண்டு பாருங்கோ

கடைக்குப் போக முதல் இது. வழக்கமாக் கீறுற பெரிய ஃபைல் ஒண்டைத் திறந்து வைச்சுக்கொண்டு கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூண்டையும் சேத்து அமத்துங்கோ. டாஸ்க் மனேஜர் வரும், அதில பெர்ஃபோமன்ஸ் எண்ட பக்கம். பிரஷ்ஷால இழுக்க இழுக்க மெமரி 90 வீதத்துக்கு மேலயே நிண்டால் ரம் காணாது. டிஸ்க் 100 இல ஒட்டிக்கொண்டு நிண்டால் ஹார்ட் டிஸ்க் பிரச்சினை. கனபேருக்கு ரெண்டும் சேந்துதான் வரும், ஏனெண்டால் ரம் முடிய விண்டோஸ் டிஸ்க்கை ரம் மாதிரிப் பாவிக்கத் தொடங்கும், பழைய ஹார்ட் டிஸ்க் எண்டால் அது ஆமை.

ஒருக்காக் கணக்குப் பாருங்கோ, இது விளங்கினால் கடையில ஒருத்தரும் உங்களை ஏமாத்த ஏலாது. ஏ3 தாள், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) எண்டால் 3508 க்கு 4961 பிக்சல், பெருக்கினால் 1 கோடியே 74 லட்சம். ஒரு பிக்சலுக்கு 4 பைட், அப்ப முழுக்க நிறம் பூசின ஒரு லேயர் (ஒண்டுக்கு மேல ஒண்டா வைச்சுக் கீறுற கண்ணாடித் தாள் மாதிரி) 70 எம்பி கிட்ட. நான் ஒரு நோட்டீஸுக்கு 20 லேயர் போடுவன், அதுவே 1.4 ஜிபி, பிழை விட்டுப் பின்னுக்குப் போறதுக்கு எண்டு சொஃப்ட்வெயார் ஞாபகம் வைச்சிருக்கிறது வேற, பக்கத்தில பிரவுசரில யூடியூப் பாட்டு வேற. 4 ஜிபி எங்க காணும்?

2. ரம்

டாஸ்க் மனேஜரின்ர அதே பக்கத்தில மெமரியை அமத்தினால் எத்தினை ஸ்லொட் இருக்கு, எத்தினை பாவனையில எண்டு காட்டும். ரம் எந்த வகை, டிடிஆர்3ஆ டிடிஆர்4ஆ எண்டதைக் கழட்டிப் பாத்து ஸ்டிக்கரில வாசிக்கிறதுதான் நம்பிக்கை. நான் அதைச் செய்யேல்ல. கொழும்பில நிண்ட மச்சானுக்கு "8 ஜிபி லப்டொப் ரம் ஒண்டு வாங்கி அனுப்பு" எண்டு மட்டும் சொன்னன், அவனும் பாவம் வாங்கி இரவு பஸ்ஸில குடுத்து விட்டான், விடிய அஞ்சு மணிக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்து பிரிச்சுப் பாத்தால் டிடிஆர்4. என்ரது டிடிஆர்3எல். அடியில இருக்கிற வெட்டு வேற இடத்தில, ஊசியும் 204 க்குப் பதிலா 260, உள்ளுக்கே இறங்காது. நல்ல காலம் நான் பலமா அமத்தேல்ல. இப்ப எண்டால் பழைய ரம்மைக் கழட்டிப் பொக்கெற்றில போட்டுக்கொண்டே யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் போவன், "இதே மாதிரி ஒண்டு தாங்கோ அண்ணை" எண்டால் கதை முடிஞ்சுது.

போடுற விதம்: ஷிஃப்டை அமத்திப் பிடிச்சுக்கொண்டு ஷட் டவுன் குடுங்கோ, அப்பதான் முழுசா நிக்கும். சார்ஜரைக் கழட்டி, பற்றரியையும் கழட்டி, பவர் பட்டனைப் பத்து செக்கன் அமத்திப் பிடியுங்கோ. ஸ்குரூவுகளைக் கழட்டின ஒழுங்கில ஒரு தாளில ஒட்டி வையுங்கோ, நீளம் வித்தியாசப்படும். யன்னல் கம்பியையோ ஏதாவது இரும்பையோ ஒருக்காத் தொட்டிட்டு ரம்மை ஓரத்தில பிடிச்சுச் சரிவாச் செருகி, கீழ அமத்துங்கோ, ரெண்டு பக்கக் கிளிப்பும் "டிக்" எண்டும். அந்தச் சத்தம் கேக்காட்டி மூடாதேங்கோ. திறந்த கையோட ஃபானைப் பிரஷ்ஷால துப்புரவாக்குங்கோ, கோண்டாவில், உரும்பிராய் பக்கம் இருக்கிறவைக்குச் செம்மண் புழுதி பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

3. எஸ்எஸ்டி

ஒரு மாற்றம்தான் செய்ய ஏலும் எண்டால், ரம் 8 ஜிபி இருக்கிறவை இதைச் செய்யுங்கோ: ஹார்ட் டிஸ்க்கை எடுத்திட்டு எஸ்எஸ்டி, அதாவது சுத்துற தட்டு இல்லாமல் சிப்பில சேமிக்கிற டிஸ்க், போடுங்கோ. பழைய ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 100 எம்பி அளவில வாசிக்கும், அதே சாட்டா இணைப்பில போடுற எஸ்எஸ்டி 500 ஐத் தாண்டும். ஃபைல் எல்லாத்தையும் வேற இடத்தில கொப்பி பண்ணிப்போட்டு, புதுசா விண்டோஸ் போடுங்கோ. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஓட முடிஞ்சுது, 11 ஐ இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழ முறைப்படி ஏத்த விடாது. என்னட்ட விண்டோஸும், அதுக்குப் பதிலா இலவசமாப் போடக்கூடிய லினக்ஸ் மின்டும் ரெண்டும் கிடக்கு, இன்டர்நெற்றுக்கு மின்ட்தான். படம் கீறுற கிரிட்டா, எழுத்தும் வடிவமும் போடுற இங்ஸ்கேப் ரெண்டும் அதில நல்லா ஓடும், போட்டோஷொப் மட்டும் ஓடாது.

கழட்டின ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு கேசிங் வாங்கிப் போட்டால் பக்கப் அங்க.

4. கிரிட்டா

இலவசம், களவா எடுக்கத் தேவையில்லை. போட்ட உடன செட்டிங்ஸ், கொன்ஃபிகர் கிரிட்டா, பெர்ஃபோமன்ஸ் எண்டு போங்கோ. அது எவ்வளவு ரம் எடுக்கலாம் எண்ட எல்லை இருக்கும், அதை 60, 65 வீதம் ஆக்குங்கோ, ஸ்வொப் ஃபைல் (ரம் காணாட்டி அது டிஸ்க்கில எழுதி வைக்கிறது) எஸ்எஸ்டியில கிடக்கோ எண்டும் பாருங்கோ. ஓட்டோசேவ் 5 நிமிசம். எங்கட ஊர்க் கரண்டை நம்பி அரை மணித்தியாலம் வைக்காதேங்கோ, 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் நிப்பாட்டினவங்கள். டப்லட்டில (பேனையால கீறுற பலகை) பேனையை அமத்தினாலும் கோடு தடிக்காட்டி, கிரிட்டாவின்ர டப்லட் செட்டிங்ஸில வின்டப், விண்டோஸ் இங்க் எண்டு ரெண்டு தெரிவு இருக்கும், மற்றதுக்கு மாத்திப்போட்டுத் திரும்பத் திறவுங்கோ. புது டப்லட் வாங்க முதல் இதைச் செய்யுங்கோ!

5. தமிழ் எழுத்து

எங்கட ஆக்கள் அடிபடுற இடம் இதுதான். போட்டோஷொப்பில நான் முதன்முதல் செய்த கோயில் நோட்டீஸில "கொடியேற்றம்" எண்டதில கொம்பு "க" வுக்குப் பின்னால போய், புள்ளி வட்டம் ஒண்டோட நிண்டுது. கண்டது நான் இல்லை, அம்மா. ஃபொன்ட் பிழை எண்டு நாலு ஃபொன்ட் மாத்தினன், ஒண்டும் சரிவரேல்ல. பிழை ஃபொன்டில இல்லை. போட்டோஷொப் 2022 க்கு முந்தின பதிப்பு எண்டால் பிரிஃபரன்ஸஸில டைப் எண்ட பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் இன்ஜினை வேர்ல்ட் ரெடி லேஅவுட் ஆக்குங்கோ, இன்னும் பழைய பதிப்பில மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் எண்டு இருக்கும். இலஸ்ட்ரேட்டரில அதே இடத்தில ஷோ இண்டிக் ஒப்ஷன்ஸ். இங்ஸ்கேப்பில ஒண்டும் மாத்தத் தேவையில்லை, யூனிகோட் தமிழ் (ஃபோனில எழுதுற அதே முறை) தானா ஒழுங்கா வரும், அதால நான் படத்தைக் கிரிட்டாவில கீறி எழுத்தை இங்ஸ்கேப்பில போடுறன்.

அச்சகத்தில "பாமினியில தாங்கோ தம்பி" எண்டு கேப்பினம். பாமினி பழைய முறை, அந்த ஃபொன்ட் இல்லாத கொம்பியூட்டரில திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாத்தான் தெரியும். அதுக்காக நீங்கள் திரும்ப டைப் பண்ணி மினக்கெட வேண்டாம். இங்ஸ்கேப்பில எழுத்தைத் தெரிவு செய்து பாத் மெனுவில ஒப்ஜெக்ட் டு பாத் குடுத்தால் அது எழுத்தா இல்லாமல் படமா மாறீடும், பிறகு எந்தக் கொம்பியூட்டரிலயும் உடையாது. அச்சகத்தில ஓரம் வெட்டேக்க போறதுக்கு எண்டு படத்தைச் சுத்திவர 3 மில்லிமீற்றர் கூட விட்டு பிடிஎஃப் ஆக்கிக் குடுங்கோ. ஸ்கிரீனில மினுங்கிற நீலமும் ஊதாவும் அச்சில மங்கும், அதால முதல் ஒரு ஏ4 அடிச்சுப் பாருங்கோ.

ஆனா பாத் ஆக்க முதல் ஃபைலை வேற பேரில கட்டாயம் ஒரு கொப்பி சேவ் பண்ணி வையுங்கோ. கோயில்காரர் இரவு பத்து மணிக்கு எடுத்து, "தம்பி, முகூர்த்தம் பத்து நிமிசம் முந்தி, ஒருக்கா மாத்தி விடுங்கோ" எண்டு சொல்லுவினம்.