பழைய காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி வேண்டுமா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

விலை பேசி முடித்து அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் டீலர் எக்ஸ்டெண்டட் வாரண்டி (கம்பெனி வாரண்டி முடிந்த பிறகும் ரிப்பேர் செலவை ஏற்பதாகச் சொல்லி விற்பது) பேச்சை எடுப்பார். "சார், ஒரு வருஷத்துக்கு வாரண்டி போட்டுக்கலாம். 18,000 தான்." நாலு லட்சம், ஐந்து லட்சம் என்று பேசிக்கொண்டிருந்த காதுக்கு அது சின்னத் தொகையாகப் படும். சரி போடுங்க என்று சொல்லிவிடத் தோன்றும். அந்த இடத்தில் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். இந்தப் பதிவு அந்த ஒரு நாளுக்கானது.

கோவையில் நான் 2018 மாடல் டீசல் செடான் வாங்கியபோது இந்தக் கேள்வி வந்தது. பிறகு அக்கா ஒரு டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் (இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகக் கியர் மாற்றும் வண்டி) வாங்கினாள். அதற்கும் நானே உட்கார்ந்து பார்த்தேன். என் வண்டிக்கு வேண்டாம், அக்கா வண்டிக்கு வேண்டும் என்று முடிவானது. இரண்டுக்கும் பார்த்த முறை ஒன்றுதான். ஆர்.சி., லோன் பாக்கி, சலான் எல்லாவற்றையும் அரசின் பரிவாகன் தளத்தில் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: கம்பெனி வாரண்டி மீதி இருக்கிறதா?

வாரண்டி கணக்கு தொடங்குவது முதல் ஓனர் ஷோரூமில் டெலிவரி எடுத்த தேதியிலிருந்து. நீங்கள் வாங்கிய தேதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மாருதியை எடுத்துக்கொண்டால், முன்பு 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர்தான். 2024 ஜூலை 9 முதல் டெலிவரி ஆன வண்டிகளுக்கு 3 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டர். அதற்கு மேல் முதல் ஓனர் பணம் கட்டி நீட்டித்திருந்தால் 6 வருடம், 1,60,000 கிலோமீட்டர் வரைகூட இருக்கலாம். இப்படி ஒன்று மீதி இருக்கும் வண்டிக்கு டீலர் இன்னொரு வாரண்டியை விற்பது நடக்கிற விஷயம்தான்.

பார்ப்பது சுலபம். சேசிஸ் நம்பரோடு அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய், வாரண்டி எதுவரை, கடைசி சர்வீஸ் எந்தக் கிலோமீட்டரில் என்று கேளுங்கள். பழைய ஓனரையும் கூட்டிப்போனால் தயங்காமல் சொல்வார்கள். மீதி இருந்தால், ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்த கையோடு வாரண்டியையும் மாற்றிக் கேளுங்கள். தானாக மாறும் என்று விட்டுவிட வேண்டாம்.

கடையில் கிடைக்கும் வாரண்டிகளில் என் வரிசை இதுதான்: முதலில் கார் கம்பெனியின் சொந்த நீட்டிப்பு. அடுத்து, மாருதியின் பழைய கார் கடையான ட்ரூ வேல்யூ போன்ற கம்பெனி சார்ந்த கடைகள் சான்றளித்த வண்டியோடு தரும் வாரண்டி. கடைசியில்தான் மூன்றாம் நிறுவனத்தின் பெயரில் டீலர் விற்பது. "இன்ஜின், கியர்பாக்ஸ் 6 மாசம் கேரண்டி" என்று டெலிவரி நோட்டின் ஓரத்தில் கையால் எழுதித் தருவதற்காக விலையில் ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

படி 2: எது போனால் பர்ஸ் தாங்காது?

உங்கள் மாடலை நாள்தோறும் பிரித்து மாட்டும் ஒரு மெக்கானிக்கைத் தேடிப் போங்கள். டீலரின் ஆள் வேண்டாம். "அண்ணா, இந்த வண்டியில ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல என்ன போகும்? மாத்த என்ன ஆகும்?" என்று கேளுங்கள். சொல்வதைப் பாகம் பாகமாக விலையோடு எழுதிக்கொள்ளுங்கள். என் டீசலுக்கு அவர் சொன்னவை டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுவது), நான்கு இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சுவது), ஏசி கம்ப்ரஸர். கிளட்ச், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், பேட்டரி, டயர் எல்லாம் தேய்மானக் கணக்கில் போய்விடும். அவற்றை எந்த வாரண்டியிலும் எதிர்பார்க்க வேண்டாம்.

என் அபிப்பிராயத்தை நேராகவே சொல்கிறேன். டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர் என்றால் காசு கொடுத்து வாரண்டி வாங்கத் தேவையில்லை. ஆல்டோ, வேகன் ஆர் மாதிரியான வண்டிகளுக்கு எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். காமன் ரெயில் டீசல் (இப்போதைய டீசல் கார்களின் இன்ஜின் வகை), டர்போ பெட்ரோல், சி.வி.டி. (பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்), டூயல் கிளட்ச் என்றால் அடுத்த படிகளுக்குப் போங்கள். ஏ.எம்.டி. என்ற ஆட்டோமேட்டிக் வகை நடுவில் நிற்கிறது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதன் மேல் உட்கார்ந்து கிளட்சையும் கியரையும் இயக்கும் ஆக்சுவேட்டர்தான் செலவு வைக்கும். அந்தப் பெயர் வாரண்டியில் சேரும் பாகங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 3: இப்போதே இருக்கும் கோளாறைப் பதிவு செய்யுங்கள்

"இது நீங்கள் வாங்குவதற்கு முன்பே இருந்த கோளாறு" என்று ஒரே வரியில் கிளெய்மை மறுக்க முடியும். அதற்கு எதிராக உங்கள் கையில் இருக்க வேண்டியது, தேதி போட்ட ஒரு பரிசோதனை அறிக்கை.

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறுகளைப் படிக்கும், ஈ.எல்.எம். 327 என்ற ப்ளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனரை வாங்கிக்கொள்ளுங்கள். விலை ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில்தான் இருக்கும். போனில் கார் ஸ்கேனர் ஆப். டார்க் (Torque) என்ற இன்னொரு ஆப்பைவிட இது எனக்கு வசதி. ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவர் முழங்காலுக்கு மேலே இருக்கும் சாக்கெட்டில் செருகுங்கள். கோளாறு கோடு (code) எதுவும் இல்லை என்று வந்ததும் எழுந்துவிடாதீர்கள். "டிஸ்டன்ஸ் சின்ஸ் கோட்ஸ் கிளியர்ட்" என்று ஒரு வரி இருக்கும். கோடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று அது சொல்லும். 70,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அந்த வரி 12 என்று காட்டினால், சமீபத்தில் யாரோ எல்லாவற்றையும் துடைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ரெடினெஸ் மானிட்டர்களும் (வண்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் சோதனைகள்) முடியாத நிலையில் நிற்கும். சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி வரும். அதனால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். பேட்டரி மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி செருகிப் பார்க்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

இந்தச் சின்ன ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜினை மட்டும்தான் படிக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குச் சர்வீஸ் சென்டரின் ஸ்கேனர் வேண்டும். காசு கொடுத்துப் பார்த்து, பிரிண்ட் எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

படி 4: நிபந்தனைப் புத்தகம்

எனக்கு வேலை நின்றது இங்கேதான். கையில் கொடுத்தது வழவழ தாளில் ஒரே ஒரு நோட்டீஸ். "1,000-க்கும் மேற்பட்ட பாகங்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. முழு நிபந்தனை எங்கே என்று கேட்டால், பணம் கட்டியதும் மெயிலில் வரும் என்றார்கள். படிக்காமல் கட்ட மாட்டேன் என்று உட்கார்ந்த பிறகுதான் பி.டி.எஃப். வந்தது. நீங்களும் அப்படியே கேளுங்கள். கட்டுவதற்கு முன் தர மறுத்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மேலே ஆராய வேண்டியதில்லை.

புத்தகம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, எழுதியிருக்கும் விதம். "கீழ்க்கண்ட பாகங்கள் மட்டும்" என்று ஒரு வகை. "கீழ்க்கண்டவை தவிர எல்லாம்" என்று இன்னொரு வகை. முதல் வகையில் பெயர் இல்லாத பாகத்துக்குப் பணம் இல்லை. படி 2-இல் எழுதிய பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகத் தேடுங்கள். என் விஷயத்தில் டர்போ இருந்தது. இன்ஜெக்டரும் இருந்தது, ஆனால் விலக்குப் பகுதியில் "எரிபொருள் மாசினால் ஏற்படும் சேதம்" என்று ஒரு வரி. டீசல் இன்ஜெக்டர் கெட்டுப்போவதில் பெரும்பங்கு அழுக்கு, தண்ணீர் கலந்த டீசலால்தான். ஆக, பெயர் இருந்தும் பயன் இல்லை.

அடுத்து உச்சவரம்பு. ஒரு கிளெய்முக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். என் புத்தகத்தில் ஒரு கிளெய்முக்கு 30,000 தான். டர்போ மாற்ற மெக்கானிக் சொன்ன தொகை அதைத் தாண்டியது.

பிரித்துப் பார்க்கும் கூலியை யாரும் யோசிப்பதில்லை. கியர்பாக்ஸில் சத்தம் வருகிறது என்று வண்டியை விடுகிறீர்கள். காரணம் தெரிய இறக்கிப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு, போனது தேய்மானப் பாகம் என்று சொல்லிவிட்டால், இறக்கிய கூலி, மறுபடி ஏற்றும் கூலி எல்லாம் உங்கள் தலையில். இந்தச் செலவு யாருடையது என்று புத்தகத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

சர்வீஸ் நிபந்தனையில்தான் குறைவாக ஓட்டுபவர்கள் மாட்டுவார்கள். "10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ" என்று இருக்கும். 4,000 கிலோமீட்டர்தானே ஓடியது, ஆயில் புதுசாகத்தானே இருக்கிறது என்று விட்டால் வாரண்டி போனது போனதுதான். சர்வீஸை எங்கே செய்ய வேண்டும், ஜி.எஸ்.டி. பில் வேண்டுமா என்பதையும் அதே பக்கத்தில் பாருங்கள்.

வெளியில் பொருத்திய சி.என்.ஜி. கிட், வாடகைக்கு ஓட்டுவது, டெம்பரேச்சர் முள் ஏறிய பிறகும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டியது எல்லாம் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். காத்திருப்புக் காலம் (வாங்கிய பிறகு கிளெய்ம் செய்ய முடியாத முதல் சில நாட்கள்) இருக்கிறதா, உங்கள் ஊரில் ரிப்பேர் செய்யும் ஒர்க்‌ஷாப் இருக்கிறதா என்பதும் முக்கியம். பொள்ளாச்சியில் நின்ற வண்டியைச் சென்னைக்கு ஏற்றி அனுப்பச் சொன்னால் எதற்கு அந்த வாரண்டி?

படித்த பிறகும் சந்தேகம் இருந்தால் போனில் கேட்காதீர்கள். வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதுங்கள். நான் அனுப்பியது இவ்வளவுதான்:

"என் வண்டி எண் இது. டர்போ சார்ஜர், இன்ஜெக்டர், ஏசி கம்ப்ரஸர் மூன்றும் இந்த வாரண்டியில் சேருமா? ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள்? கிளெய்ம் மறுக்கப்பட்டால் பிரித்துப் பார்த்த கூலி யாருடையது? தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்."

வந்த பதிலை அழிக்காமல் வையுங்கள்.

படி 5: கணக்கு

சொன்ன விலை ஜி.எஸ்.டி. சேர்த்தா என்று கேளுங்கள். 18,000-க்கு 18 சதவீதம் சேர்த்தால் 21,240. எனக்கு ஒரு கிளெய்முக்குக் கிடைக்கக்கூடியது 30,000. அதுவும் டர்போ போனால்தான். அதனால் வேண்டாம் என்றேன். அந்த 21,240-ஐத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, வண்டிக்கு என்றே வைத்திருக்கிறேன். இந்தப் பணத்துக்கு விலக்குப் பட்டியல் கிடையாது. டயருக்கும் ஆகும், கிளட்சுக்கும் ஆகும்.

அக்கா வண்டியின் கணக்கு வேறு. டூயல் கிளட்ச் கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டை மாற்ற மெக்கானிக் சொன்னது லட்சத்துக்கு மேல். கம்பெனியின் சொந்த நீட்டிப்பில் அந்தப் பாகம் பெயரோடு இருந்தது, ஒரு கிளெய்முக்கு என்று தனி வரம்பும் இல்லை. அவர்கள் வீட்டில் திடீரென்று ஒரு லட்சம் புரட்டுவது கஷ்டம். அந்த வாரண்டியை வாங்கச் சொன்னதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

பின்சேர்க்கை 1: "வெள்ளத்தில் வண்டி மூழ்கினால் வாரண்டி வருமா?" என்று சென்னையிலிருந்து சிலர் கேட்டிருந்தார்கள். வராது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ வண்டிகளின் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தது. அதற்கு வேண்டியது இன்ஷூரன்ஸில் இன்ஜின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன். வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருப்பவர்கள் வாரண்டிக்கு முன் அதைப் பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை மட்டும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்.

பின்சேர்க்கை 2: எலெக்ட்ரிக் காருக்கு பேட்டரி வாரண்டி தனி. 8 வருடம், 1,60,000 கிலோமீட்டர் என்பது பரவலாக இருக்கிறது. இரண்டாவது ஓனருக்கும் அதே நிபந்தனைதானா என்று கம்பெனியிடமே எழுத்தில் கேளுங்கள்.

பின்சேர்க்கை 3: வாரண்டி தொகையை லோனோடு சேர்த்துவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். 21,240-ஐ 14 சதவீத வட்டியில் 4 வருட லோனில் சேர்த்தால் மாதம் சுமார் 580 ரூபாய். மொத்தம் ஏறக்குறைய 27,860. ஒரு வருட வாரண்டிக்கு நான்கு வருடம் தவணை. லோன் பேப்பரில் கையெழுத்திடும் முன் மொத்தத் தொகையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 4: சரியான கிளெய்மையே மறுத்தால் என்ன செய்வது? மறுத்த காரணத்தை முதலில் எழுத்தில் வாங்குங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். அங்கேயே தீரவும் வாய்ப்பு இருக்கிறது. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். நிபந்தனைப் புத்தகம், வாட்ஸ்அப் பதில், சர்வீஸ் பில், படி 3-இல் எடுத்த அறிக்கை ஆகிய நான்கையும் ஒரே ஃபைலில் வைத்து எடுத்துப்போங்கள்.