டிஸ்க் மேல ஸ்டிக்கர் ஒட்டினா படம் பாதில நின்னுடுமா? ஒட்டினதை என்ன பண்றது?

அப்பச்சிக்கு சாந்திக் கல்யாணம் நடந்தப்போ எடுத்த வீடியோவை நானே டிவிடில ரைட் பண்ணி, மேல அப்பச்சியும் ஆத்தாவும் மாலையோட நிக்கிற போட்டோவ ரவுண்டு ஸ்டிக்கரா பிரிண்ட் போட்டு ஒட்டி பங்காளி வீட்டுக்கெல்லாம் கொடுத்தேன், பாக்க ஜோரா இருந்துச்சு. ரெண்டு கோடை போச்சு, காரைக்குடில ஒரு வீடு, தேவகோட்டைல ஒரு வீடுன்னு போன் வர ஆரம்பிச்சுது, நல்லா ஓடுது தம்பி, சாப்பாட்டுப் பந்தி வர்றப்போ கட்டம் கட்டமா ஒடைஞ்சு நின்னுடுதுன்னு.

அந்த "பந்தி வர்றப்போ"ங்கிறதுலதான் விஷயமே இருக்கு, பந்தி வர்றது வீடியோவோட கடைசில. டிஸ்க்குல டேட்டா நடு ஓட்டைப் பக்கம் ஆரம்பிச்சு வெளி ஓரத்துக்குப் போகும். ஸ்டிக்கர் பேப்பர் வெயில்ல சுருங்கும், மழைல ஈரத்தை இழுத்து விரியும், அந்த இழுப்புல 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் லேசா வளையும், வளைவு ஜாஸ்தியாத் தெரியறது ஓரத்துலதான். அதனால ஆரம்பம் சுத்தமா ஓடி கடைசில திக்குனா ஸ்டிக்கர் மேல சந்தேகப்படலாம். போட்ட உடனேயே "நோ டிஸ்க்"னு வந்தா பாவம் ஸ்டிக்கரை மட்டும் திட்டாதீங்க, ரைட் பண்ணி முடிச்சதும் மத்த பிளேயரும் படிக்கற மாதிரி டிஸ்க்கை மூடற ஃபைனலைஸ் வேலையைப் பண்ணாம விட்டிருக்கலாம், பிளஸ் ஆர் (DVD+R) வகை டிஸ்க்கு பழைய பிளேயருக்கு ஒத்துக்காம இருக்கலாம், டிஸ்க்கே மட்டமா இருக்கலாம்.

உறுதியாத் தெரியணும்னா ஒரே கட்டுல ரெண்டு டிஸ்க் எடுத்து ஒரே ஃபைலை ஒரே ஸ்பீடுல ரைட் பண்ணுங்க. ஒண்ணுக்கு ஸ்டிக்கர், ஒண்ணு வெறுசா. கொஞ்ச மாசம் ஒரே எடத்துல வச்சிருந்து ஒரே பிளேயர்ல கடைசிப் பத்து நிமிசத்தை ஓட்டிப் பாருங்க. ரெண்டுமே திக்குனா தப்பு வேற எங்கயோ.

சிடிய விட டிவிடிக்குதான் இந்த வளைவு பெரிய தொல்லை. சிடில டேட்டா ஓடற கோட்டுக்குக் கோடு 1.6 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இடைவெளி, டிவிடில 0.74தான், அதனால கொஞ்சம் சாஞ்சாலும் லேசர் தடுமாறும். கம்ப்யூட்டர் டிரைவ்ல இன்னொரு சிக்கல், ஸ்டிக்கர் நடுவாப் பொருந்தாம ஒரு பக்கம் தள்ளியிருந்தா வேகமா சுத்தறப்போ டிஸ்க் ஆடும், 52 எக்ஸ் சிடி டிரைவ்னா நிமிசத்துக்கு 10,000 சுத்து கிட்ட போகுது. சின்னதா சதுரமா வெட்டி ஒரு ஓரத்துல பேர் எழுதி ஒட்டுவோம்ல, அது ரவுண்டு ஸ்டிக்கரை விட மோசம்.

இப்ப முக்கியமானது. ஒட்டியாச்சா? உரிக்காதீங்க. சிடில டேட்டா இருக்கறது நீங்க ஸ்டிக்கர் ஒட்டின பக்கம், வெறும் அரக்குப் பூச்சுக்கு அடில, உரிச்சா வெள்ளிப் படலமும் சேந்து வந்துடும், அந்தப் பாட்டு போச்சு. டிவிடில ரெண்டு 0.6 மில்லிமீட்டர் தகட்டுக்கு நடுவுல டேட்டா இருக்கு, அது அப்படி உரிஞ்சு வராது, ஆனா இழுக்கற இழுப்புல தகடு ரெண்டும் பிரிய வாய்ப்பிருக்கு. ஓரம் தூக்கியிருந்தா விரலால அமுக்கி விட்டுட்டு, தட்டு வெளிய வர்ற டிரைவ்ல போட்டு முதல்ல காப்பி எடுங்க. கார்ல இருக்கற மாதிரி உள்ள இழுத்துக்கற பிளேயர்ல மட்டும் போடவே கூடாது, பிள்ளையார்பட்டி போற வழில எங்க கார் ஒண்ணை முழுங்கிட்டு இன்னிவரைக்கும் தரல.

சாதாரணமா காப்பி ஆகலன்னா ஸ்பீடைக் குறைச்சுப் பாருங்க, இல்லன்னா டிடிரெஸ்கியூன்னு (ddrescue) இலவச புரோகிராம் இருக்கு, படிக்க முடியாத எடத்தைத் தாண்டிப் போய் மிச்சத்தை எடுத்துட்டு அப்புறம் திரும்ப வந்து முட்டிப் பாக்கும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொண்ணு படிக்கும், எது எடுத்தாச்சு எது பாக்கின்னு அந்த புரோகிராம் குறிச்சு வைக்கற மேப் ஃபைலை வச்சிருந்தா ரெண்டுலயும் கெடைச்சதைச் சேத்துக்கலாம். தேவகோட்டை டிஸ்க்குல பந்தியை நான் அப்படித்தான் மீட்டேன், பாயசம் ஊத்தற எடத்துல மட்டும் ஒரு கட்டம் ஒடைஞ்சிருக்கு.

புதுசா ரைட் பண்றவங்களுக்கு: போட்டோ வேணும்னா மேல்பக்கம் வெள்ளையா வர்ற பிரிண்டபிள் டிஸ்க் வாங்கி, டிஸ்க் டிரே இருக்கற இங்க்ஜெட்ல நேரா அச்சடிச்சுக்கங்க. பேர் மட்டும் போதும்னா தண்ணி மையி மார்க்கர். பால்பாயிண்ட் பேனா சிடிய அழுத்திக் கீறும், வேணாம். டிஸ்க்கை மேல்மாடில இரும்புப் பொட்டிக்குள்ள போட்டு வேக வைக்காம, கீழ உள்ரூம்ல டப்பாவோட செங்குத்தா நிக்க வைங்க. நான் இப்போ நடு ஓட்டையச் சுத்தி கண்ணாடி மாதிரி இருக்குல்ல, அங்க டேட்டாவே கெடையாது, அதுல நம்பர் மட்டும் போட்டுட்டு எந்த நம்பர் எந்த விசேஷம்னு ஆத்தாவோட மளிகை நோட்டு கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன்.