தக்காளிக்கு சராசரி விலை போடும்போது

ராயக்கோட்டை மண்டியில் ஒரே நாளில் 10 கிரேட் (தக்காளிப் பெட்டி), கிரேட் ஒன்று 600 ரூபாய்க்கும், 40 கிரேட் 300-க்கும், 50 கிரேட் 200-க்கும் விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று விலையையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 367 ரூபாய் வரும். இதை நம்பி அடுத்த நடவுக்குக் கணக்குப் போட்டால் கையைக் கடிக்கும். விலையைக் கிரேட் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள்: 28,000. அதை 100 கிரேட்டால் வகுத்தால் 280. கைக்கு வந்த விலை இதுதான்.

எக்செல்லில் இப்படிப் பெருக்கிக் கூட்டும் சம்ப்ராடக்ட் (SUMPRODUCT) ஃபார்முலாவில் விலை, எண்ணிக்கை இரண்டு பத்தியையும் கொடுத்து, எண்ணிக்கையின் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும். ஆனால் விலைக் கட்டத்தில் ‘ரூ.300’ என்று அடித்துவிடாதீர்கள். எக்செல் அதை எழுத்தாக எடுத்து, பூஜ்யமாகவே கணக்கிடும். பிழை என்றும் காட்டாது, 280-க்குப் பதில் 160 என்று கமுக்கமாக நிற்கும். எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம். ஒரு பார்வையிலேயே பிடித்துவிடலாம்.