செல் சவ்வு: விடைத்தாளில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

காரைக்குடிப் பக்கம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும், செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையான செல் சவ்வு பற்றிய பாடத்தில் மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள். சவ்வைச் சல்லடையாக நினைத்துக்கொள்வதுதான் முதல் காரணம்.

சின்னது போகும், பெரியது நிற்கும் என்று சவ்வு பார்ப்பதில்லை. சோடியம் அயனி மிகச் சிறியது. ஆனாலும் மின்சுமை இருப்பதால், சவ்வின் கொழுப்பு அடுக்கைத் தானாகத் தாண்ட முடியாது. அதைவிடப் பெரிய ஸ்டீராய்டு ஹார்மோன் கொழுப்பில் கரைவதால் சுலபமாக நுழைந்துவிடும். அளவைப் பார்க்கும் முன் மின்சுமை உண்டா, கொழுப்பில் கரையுமா என்று பாருங்கள்.

அடுத்து, செல் சுவரையும் (தாவரச் செல்லில் சவ்வுக்கு வெளியே இருக்கும் கெட்டியான உறை) சவ்வையும் போட்டுக் குழப்புவது. இதைப் புரிந்துகொள்ள ஊறுகாய் ஜாடி போதும். கோடையில் நம் வீடுகளில் மாங்காய்த் துண்டுகளை உப்பில் பிரட்டிப் பீங்கான் ஜாடியில் போட்டு வைப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலே மறுநாள் ஜாடியில் நீர் விட்டிருக்கும். "உப்பு செல்லுக்குள் போய் நீரை வெளியே தள்ளியது" என்று எழுதுகிறார்கள். அது தவறு. வெளியே உப்பின் செறிவு கூடியதால் செல்லுக்குள் இருந்த நீர் சவ்வைத் தாண்டி வெளியேறுகிறது, இதுதான் சவ்வூடுபரவல். உப்புநீர் செல் சுவரைத் தாண்டிவிடும், சவ்வு அதை விடாது. நீரை இழந்த செல்லின் சவ்வு சுருங்கிச் சுவரை விட்டு விலகும். அந்த இடைவெளியில் இருப்பது வெளியிலிருந்து வந்த உப்புநீர். படம் வரையும்போது அதைக் காலி இடமாக விடாதீர்கள்.

அப்படியானால் மாங்காய் உள்ளே வரை ஏன் கரிக்கிறது? கடும் உப்பில் செல்கள் நாளடைவில் இறந்துபோய்ச் சவ்வு சிதைந்துவிடும். அப்புறம் உப்பைத் தடுக்க ஆளில்லை.

"நீர் செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எதன் செறிவு? கரைபொருள் (உப்பு மாதிரி நீரில் கரைந்திருப்பது) குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் போகும் என்று எழுதினால் குழப்பமே வராது. அந்த நீரும் கொழுப்பு அடுக்கு வழியாக மட்டும் போவதில்லை. அதற்கென்றே அக்குவாபோரின் என்ற புரத வழிகள் உண்டு. அவற்றைக் கண்டறிந்ததற்காக பீட்டர் ஆக்ரேக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சவ்வைத் தாண்டி நடக்கும் எல்லாக் கடத்தலுக்கும் ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) வேண்டும் என்பதும் சரியில்லை. இரத்தச் சிவப்பணுவுக்குள் குளுக்கோஸ் ஒரு கடத்துப் புரதம் வழியாக, ஆற்றல் செலவில்லாமலே போகிறது. சோடியம்-பொட்டாசியம் பம்பு போன்ற சவ்வுப் புரதங்களுக்குத்தான் ஏடிபி தேவை: இந்தப் பம்பில் ஒரு ஏடிபிக்கு 3 சோடியம் அயனி வெளியே, 2 பொட்டாசியம் அயனி உள்ளே. இந்த 3-ஐயும் 2-ஐயும் இடம் மாற்றி எழுதுகிறவர்கள் ஏராளம்.