கெண்ட்ரா சட்டத்தில் மனு: தேதிகள்தான் பேசும்

மருந்தை நிறுத்துவது, மனநோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்வது, வெளியே வந்ததும் மறுபடி நிறுத்துவது. இந்தச் சுழலில் சிக்கியவர் ஊருக்குள் இருந்தபடியே சிகிச்சை பெற நீதிமன்றம் உத்தரவிட வழிசெய்கிறது, நியூயார்க்கின் கெண்ட்ரா சட்டம் (1999). இந்தச் சட்டங்கள் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவின் லாரா சட்டப்படி குடும்பத்தார் நேரே மனுப் போட முடியாது. நியூயார்க்கில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, 18 வயதான உடன்பிறந்தோர், பிள்ளைகள், கூடவே வசிப்பவர் போடலாம்.

ஆனாலும் முதல் போன் உங்கள் கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மனநல அலுவலகத்துக்கே போகட்டும். விசாரித்துத் தகுதி இருந்தால் அவர்களே மனுப் போடுவார்கள். தனியாகப் போட்டால் டாக்டரையும் வக்கீலையும் நீங்களே தேட வேண்டும்.

சிகிச்சை தேவைப்படும் உறவினருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். கடந்த 36 மாதங்களில் குறைந்தது இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்க வேண்டும்; அல்லது 48 மாதங்களுக்குள் தனக்கோ பிறருக்கோ எதிராக அவரால் கடும் வன்முறை, அதற்கான முயற்சி அல்லது மிரட்டல் நடந்திருக்க வேண்டும். மனு சறுக்குவது இங்கேதான்: சேர்ந்தார் என்பது மட்டும் போதாது, சிகிச்சையை விட்டது அதற்கு முக்கியக் காரணம் என்று காட்ட வேண்டும். ஒரு நோட்டில் இப்படி எழுதுங்கள்: "மார்ச் 4: ரீஃபில் வாங்கவில்லை. மார்ச் 19: மூன்று நாளாகத் தூக்கமில்லை, கதவைப் பூட்டிக்கொண்டார். மார்ச் 22: அட்மிஷன்." "எப்போதும் இப்படித்தான்" என்ற வாக்கியம் நீதிபதிக்கு உதவாது. தனியுரிமைச் சட்டத்தைக் காட்டி டாக்டர் உங்களிடம் பேச மறுக்கலாம். நீங்கள் சொல்வதைக் கேட்க அவருக்குத் தடையில்லை. எழுதியே கொடுங்கள்.

மனுவுக்கு முந்தைய 10 நாட்களுக்குள் டாக்டர் உங்கள் உறவினரைப் பரிசோதித்திருக்க வேண்டும். பதினோராம் நாள் ஆனால் மறுபடி பரிசோதனைதான். அவர் மறுத்தால், முயன்றதை டாக்டர் பிரமாணமாக எழுதித் தரலாம். மனு வந்த 3 வேலை நாட்களுக்குள் விசாரணை. டாக்டர் சாட்சி சொல்லியே ஆக வேண்டும், அவர் தேதியை முன்பே உறுதி செய்யுங்கள். எதிர்த்து வாதாட உங்கள் உறவினருக்கும் வக்கீல் உண்டு; அது அவர் உரிமை, அதை மதியுங்கள்.

உத்தரவு அதிகபட்சம் ஓராண்டு. அவரைத் தொடர்ந்து கவனிக்க ஒரு கேஸ் மேனேஜரோ சிகிச்சைக் குழுவோ திட்டத்தில் கட்டாயம் இருக்கும். வலுக்கட்டாயமாக ஊசி போட இந்த உத்தரவு அனுமதிக்காது. மீறினால் ஜெயிலும் இல்லை. பரிசோதனைக்காக 72 மணி நேரம் வரை ஆஸ்பத்திரியில் வைக்கலாம், அவ்வளவுதான். நீட்டிப்பு மனுவுக்கான காலம் கடைசி 30 நாட்கள். அதற்கு முன்பே கேஸ் மேனேஜரிடம் நினைவூட்டுங்கள்.