வாட்சோ – கிர்க்கனஸ் 38 கிலோமீட்டர்: நம்பி டக்சி பிடிச்சுப்போடாதேங்கோ

நோர்வேயின்ர வடக்குத் தொங்கலுக்கு, ஃபின்மார்க் பக்கம் வேலைக்கோ கலியாணம் கட்டியோ புதுசா வாற ஆக்களுக்குத்தான் இது. போலீஸ் பதிவு, ஸ்கத்தகோர்ட் எண்ட வரி அட்டை, பாங்க் எக்கவுண்ட் எல்லாம் கொம்யூன்ல (ஊர் நகரசபையில) கேட்டா சொல்லித் தருவினம், 80களிலயே மீன் ஃபக்டரிக்கெண்டு வந்த எங்கட ஆக்களும் இருக்கினம். நான் பிளேனைப்பற்றி மட்டும் சொல்லுறன்.

என்ர சிநேகிதன்ர மருமகன் பொடியன், இருக்கிறது ஃபின்மார்க்கில வாட்சோ எண்ட ஊரில. கொழும்புக்குப் போகவெண்டு, பக்கத்து ஊர் கிர்க்கனஸ்ல இருந்து ஒஸ்லோவுக்கு மலிவா ஒரு டிக்கெட் எடுத்துப்போட்டான். நெட்டில ரெண்டு எயார்போர்ட்டுக்கும் இடையில பாத்தா 38 கிலோமீட்டர், பறக்கிற நேரம் கால் மணித்தியாலம் எண்டு காட்டுது, அப்ப இதுக்கு ஏன் பிளேன், டக்சியில போயிடலாமெண்டு ஆள் ஆறுதலா புட்டும் சாப்பிட்டிட்டு வெளிக்கிட்டிருக்கு.

அந்த 38 கடலுக்கு மேலால கீறின நேர்கோடு! நடுவில வராங்கர் ஃபியோர்ட் எண்ட கடல் குடா கிடக்கு, பாலமும் இல்லை சுரங்கமும் இல்லை. றோட்டால எண்டா மேற்கால வராங்கர்பொத்ன் வரைக்கும் போய், கடலைச் சுத்தி மற்றப் பக்கத்தால திரும்பி வரோணும், 160 கிலோமீட்டர் அளவில வரும், பனி இல்லாட்டியும் ரெண்டு மணித்தியாலம் பத்தாது. காரைநகர்ல நிண்டு ஊர்காவற்துறையைப் பாத்தவைக்கு விளங்கும், கண்ணுக்கு முன்னால கிடக்கும், பாதை எண்டுற படகு ஓடாட்டி யாழ்ப்பாணத்தைச் சுத்தித்தான் போகோணும். டக்சிக்காரன் ரெண்டு தரம் கேட்டவனாம், உண்மையா கிர்க்கனஸுக்கோ எண்டு. இவன் ஓமெண்டிட்டான். மீட்டர் ஆயிரக்கணக்கில ஏறினதுதான் மிச்சம், ஒஸ்லோப் பிளேன் போட்டுது, கொழும்பு டிக்கெட் வேற கொம்பனி, அதுவும் போச்சு.

அதால உங்கட ஊர் எயார்போர்ட்டில இருந்து கடைசி இடம் வரைக்கும் ஒரே டிக்கெட்டா எடுங்கோ, கொஞ்சக் காசு கூட வந்தாலும். அப்பிடி எடுத்தா காத்துக்குச் சின்னப் பிளேன் நிண்டாலும் வேற பிளேன்ல ஏத்தி விடுறது, சாப்பாடு, ஹோட்டல் எல்லாம் பிளேன் கொம்பனியின்ர பொறுப்பு. காலநிலை எண்டா நட்டஈடு மட்டும் தரமாட்டினம். தனித்தனியா எடுத்தா, அடுத்த பிளேன் தவறினதுக்கு ஒருத்தரும் திரும்பிப் பாக்காயினம்.

பறக்கிற நேரத்தையும் நம்பாதேங்கோ. ட்ரொம்சோ–கிர்க்கனஸ் நேர்கோட்டில 425 கிலோமீட்டர் அளவு, நேர போற பிளேன் ஒரு மணித்தியாலத்தில போயிடும். 39 சீட் டாஷ் 8 எண்ட சின்னப் பிளேன் எண்டா ஹம்மர்ஃபெஸ்ட், போட்ஸ்ஃபியோர்ட், வார்டோ எண்டு வழியில இறங்கி இறங்கிப் போகும், காத்து மோசமெண்டா உங்கட ஊரில இறங்காமலே அடுத்த ஊருக்குப் போயிடும். கிர்க்கனஸ்ல ஓடுபாதை 2 கிலோமீட்டருக்கு மேல, ஜெட்டே இறங்கும், வழியில இறங்கிற இந்தச் சின்ன ஊருகளில குட்டி ஓடுபாதை. டைம்டேபிளில வெளிக்கிடுற நேரம், சேருற நேரம், நடுவில எத்தினை இறக்கம், அதைப் பாத்தாக் காணும்.

குளிர்காலத்தில ஊருக்குப் போறதெண்டா ஒஸ்லோவில ஒரு இரவு தங்கிறமாதிரிப் போடுங்கோ. ஆரும் சொந்தக்காரர் இருப்பினம். "ஐயோ அங்க மேல எப்பிடி இருக்கிறியள்" எண்டு பாவம் பாக்கிறமாதிரிக் கேப்பினம், எனக்கு அது பத்திக்கொண்டு வரும், ஆனா சோறு தருவினம்.